ஐஸ் உருகி முடியுமுன்

அந்த நாட்களில் நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் மூன்று கிராமங்களுக்கு மருத்துவிச்சி; ஊரார் கூப்பிடுவது மிஸி என்று. போலியோச் சொட்டு மருந்தைக் களுவாஞ்சிக்குடிப் பணிமனையில் எடுத்துக்கொண்டு, இராணுவச் சாவடியைத் தாண்டி, பாதையில் ஏறிப் போக வேண்டும். பாதை என்று நாங்கள் சொல்வது வாவியைக் கடக்கும் தட்டைப் படகை. சண்டையால் இரண்டு மாதமாக அது ஓடவில்லை. அக்கரைப் பிள்ளைகளுக்கு மருந்தும் போகவில்லை. மூன்றாம் மாதம் பாதை இடைக்கிடை ஓடுவதாகக் கேள்விப்பட்டு, அக்கரைக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, எப்படியும் போய்விடுவது என்று கிளம்பினேன்.

தோளில் மருந்துப் பெட்டி. உள்ளே சுற்றிவர ஐஸ் பொதிகள், நடுவில் குப்பிகள், ஒரு வெப்பமானி. எட்டுப் பாகையைத் தாண்டினால் மருந்தை நம்ப முடியாது.

துறையடிக்குப் போனபோது அக்கரையில் ஷெல் விழும் சத்தம் கேட்டது. காவலில் நின்ற சிப்பாய் கையைக் குறுக்கே நீட்டினார்.

"இன்டைக்கி பாதை இல்ல. வீட்டுக்குப் போங்க."

"பின்னேரம் விடுவீங்களா, சேர்?"

"தெரியாது."

"அப்ப நான் நிக்கிறன்."

பெட்டியைத் திறக்கச் சொன்னார். நிழலில்தான் திறப்பேன் என்றேன். என்ன நினைத்தாரோ, வேப்பமரத்தடி வரை கூட வந்து பார்த்துவிட்டுப் போனார்.

பத்து மணிக்கு வெப்பமானி மூன்று பாகை காட்டியது. பதினொன்றுக்கும் மூன்றுதான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, முள் அசையவில்லை. ஐஸ் உருகும்போது வந்து சேரும் வெப்பத்தையெல்லாம் உருகுவதற்கே எடுத்துக்கொள்கிறது, அதனால் உருகி முடியும் வரை சூடு ஏறாது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். மறைவெப்பம். அன்றைக்குச் சோதனைக்காக மனப்பாடம் செய்ததை இப்போது நம்பி உட்கார்ந்திருந்தேன்.

பன்னிரண்டரைக்கு நாலரை. ஒரு மணிக்கு ஆறு. பொதியை அழுத்திப் பார்த்தேன், உள்ளே வெறும் தண்ணீர். பணிமனைக்குத் திரும்பினால் மருந்தை வாங்கி வைத்துக்கொண்டு, இனி அடுத்த மாதம் பார்ப்போம் என்பார்கள். திரும்புவதில்லை என்று முடிவு செய்தேன்.

கொஞ்சம் தள்ளி, மோட்டார் சைக்கிளில் மீன்பெட்டி கட்டிய காத்தான்குடி முஸ்லிம் வியாபாரி ஒருவரும் அக்கரையில் மீன் எடுக்கப் பாதைக்காகக் காத்திருந்தார். அந்த ஆண்டுகளில் அவருடைய ஊரும் எங்கள் ஊரும் முகம் கொடுத்துப் பேசுவது குறைந்திருந்தது. இரண்டு பக்கமும் சாவுகள் நடந்திருந்தன. நான் தயங்கினேன். பிறகு வெப்பமானியைப் பார்த்துவிட்டு எழுந்து போய், முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடும் முறையில் கூப்பிட்டேன்.

"காக்கா, எனக்குக் கொஞ்சம் ஐஸ் வேணும். மருந்து பழுதாப் போகப் போகுது."

"யாருக்கு மருந்து, மிஸி?"

"அக்கரைப் புள்ளையளுக்கு. போலியோவுக்கு."

அவர் மரத்தூள் சாக்கை விலக்கி, ஐஸ் கட்டியைப் பாதியாக உடைத்தார்.

"மீன் வெடுக்கு மணக்குமே."

"பரவாயில்ல, பையில கட்டித் தாங்க. உங்கட மீனுக்கு?"

"இருக்கிற ஐஸுக்கு ஏத்த மாதிரி எடுப்பம். நீங்க கெதியா வையுங்க."

தயங்கி நின்றதை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது. கட்டியைப் பொதிகளுக்கு நடுவில் வைத்து மூடினேன். அரை மணியில் முள் இரண்டுக்கு இறங்கியது.

மூன்று மணிக்குச் சிப்பாய் வந்து, "ஏறுங்க. இன்டைக்கி ஒரே தடவைதான், திரும்பி வாறது நாளைக்கி," என்றார். ஏறினேன்.

அக்கரைப் பள்ளிக்கூடத்து மரத்தடியில் யாரும் இல்லை. மத்தியானம் வரை பார்த்துவிட்டுத் தாய்மார் போய்விட்டார்கள். ஒரு சைக்கிளை இரவல் வாங்கி, வயல் வட்டையின் வரம்புகளில் உருட்டியும் ஓட்டியும் வீடு வீடாகப் போனேன்.

"வரமாட்டீங்க எண்டு நினைச்சித்தான் வந்திட்டம், மிஸி," என்றாள் ஒரு தாய்.

"அதான் நான் வந்திருக்கிறன். புள்ளையப் புடிங்க."

பொழுது சாயும் நேரத்தில் கடைசி வீடு. இரண்டு வயதுப் பையன் மருந்தை அப்படியே என் சேலையில் துப்பினான். தாய் பதறிப்போனாள். நான் அவன் கன்னத்தைப் பிடித்து மறுபடியும் இரண்டு துளி விட்டேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கினான்.