ஏழாவது செல்

“ஆறும் செத்துப்போச்சும்மா. நல்லா ஏமாத்திட்டான் மெட்ராஸ் கடைக்காரன்,” என்று பஞ்சாட்சரம் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். இருபுறமும் கம்பி நீண்ட ஆறு கண்ணாடி மணிகள். அரிசியைவிடச் சற்றே பெரியவை.

“எப்படிண்ணா தெரியும்?” என்றாள் எதிர்வீட்டுக் காந்தா.

“ஜீனர் டயோடுன்னா தலைகீழா மாட்டணும்னான். மாட்டி மீட்டர்ல பார்த்துக்கினே இருக்கிறேன், முள்ளு அசைய மாட்டேங்குது. நேரா மாட்டினா குதிக்குது. சாதா டயோடைத் தலையில கட்டிட்டான்.”

“கூடக் காயிதம் எதுவும் தரலையா?”

“இங்கிலீஷு. யாருக்குப் புரியுது? இந்தா, நீதான் படிச்ச பொண்ணு.”

நாலு வார்த்தைக்கு மேல் பேசாத காந்தா தாளை இரண்டு முறை படித்தாள். “ஒம்பது வோல்ட்டுக்குக் கீழே இது தலைகீழாக் கரண்டை விடாதாம். ஏதோ துளி கசியுமாம், அது முள்ளுல தெரியாது. உங்க மீட்டருக்குள்ள எத்தனை செல்லுண்ணா?”

“ரெண்டு.”

“அப்ப மூணு வோல்ட்டுதானே?”

பஞ்சாட்சரம் மீட்டரைத் திருப்பிப் பார்த்தார். பட்டு இழையை விரல் நுனியால் மெல்லச் சுண்டிப் பார்த்தே தரம் சொல்லும் வீட்டில் பிறந்தவர். டயோடையும் அப்படித்தான் சுண்டிப் பார்த்திருக்கிறார்.

அது எழுபத்திரண்டு, கார்த்திகை மாதம். பிள்ளையார்பாளையத்தில் தறியை விட்டு எழுந்து வந்து ரேடியோ கடை வைத்த முதல் ஆள் அவர். செல் வாங்கி மாளாத நெசவாளர்களுக்காக, வீட்டு மின்சாரத்தில் டிரான்சிஸ்டரை ஓட்டும் ஒரு பெட்டி செய்தார். ஒரு நாள் மின்சாரம் எகிறியது; அந்தப் பெட்டியில் மாட்டியிருந்த நெசவாளர் மாணிக்கவாசகத்தின் ரேடியோ கருகியது. மறுநாளே தெருக்காரர்கள் பழுதுபார்க்கக் கொடுத்ததையெல்லாம் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். “தை வரைக்கும் பாரு. அப்புறம் தறிக்கு வந்துடு,” என்றார் அண்ணன். மின்சாரம் எகிறினாலும் ஒன்பது வோல்ட்டுக்கு மேல் ரேடியோவுக்குப் போகாமல் பிடித்து நிறுத்தும் என்று அந்த ஆறு மணிகளைத்தான் பஞ்சாட்சரம் மலைபோல் நம்பியிருந்தார்.

காந்தா தாளைப் படித்த அன்று சாயங்காலமே இருவரும் வீடு வீடாக டார்ச் செல் இரவல் வாங்கினார்கள். “திருப்பித் தரும்போது எரியணும்பா, என் டார்ச்சையும் கருக்கிடாதே!” என்றாள் பக்கத்து வீட்டு எல்லம்மாள். டயோடு தீய்ந்துவிடாமலிருக்க வழியில் கரண்டைக் குறைக்கும் ஒரு ரெசிஸ்டர் வைத்து, செல்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று... ஆறு செல் சேர்ந்தும், பழசானதால் ஒன்பது வோல்ட்டை எட்டாமல் முள் உறங்கியது. ஏழாவதை வைத்தார். முள் விருட்டென்று எழுந்தது.

“அம்மாடி! சாகலைம்மா இது!” என்றார்.

ஜீனர் டயோடு வைத்த புதுப் பெட்டியை மாணிக்கவாசகத்திடம் எடுத்துப் போனார். “போன வாட்டி புகை. இந்த வாட்டி நெருப்பா?” என்று கேட்டுக்கொண்டேதான் அவர் புது ரேடியோவைத் தந்தார். அந்த வாரம் விளக்குகள் இரண்டு முறை பளீரென்று எகிறின. ரேடியோ பாடிக்கொண்டேயிருந்தது. தை பிறந்தது, பஞ்சாட்சரம் தறிக்குப் போகவில்லை. அதன்பின் பதினெட்டு வருஷம் அந்தக் கடை நடந்தது.

காந்தா கல்யாணமாகி வேலூருக்குப் போய்விட்டாள். இப்போதும் அவளுக்கு எங்காவது ஈயப்பற்று உருகும் வாசனை வந்தால் அந்தக் கடை, தறிச் சத்தத்துக்கு நடுவே கேட்ட பாட்டு, கடைச் சுவரில் தன் கையெழுத்து எல்லாம் நினைவுக்கு வரும். முள் எழுந்த மறுநாள் காலையில் ஓர் அட்டையோடு அவள் வாசலில் வந்து நின்று பஞ்சாட்சரம் கேட்டதும் கூடவே நினைவுக்கு வரும்.

“அந்தக் காயிதத்துல இருக்கிறதைத் தமிழ்ல எழுதிக் குடும்மா. முதல் வரியை மட்டும் பெரிசா எழுது. ஒம்பதுக்குக் கீழே சும்மா இருந்தா, செத்துப்போச்சுன்னு தூக்கிப் போட்டுடாதேன்னு.”