ஆந்தையின் கல்லறை

என் அக்கா வீட்டுக்காரர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். வீட்டுக்கு வந்தால் கணினியே கதி. ஆடுகிறவர்களே காலணா சம்பளமில்லாமல் நிரல் எழுதி வளர்க்கும் ஒரு விளையாட்டுக்கு மாடாய் உழைத்தார். அங்கே அவர் பெயர் ஆந்தை.

உழைத்தவர் இறந்தால் விளையாட்டுக்குள் கல்லறை கட்டுவது அந்தக் கூட்டத்தின் வழக்கம். கண் அறுவைக்குப் பிறகு சில மாதம் அந்தப் பக்கமே போகாதவர் திரும்பிப் போனால், ஆந்தைக்கும் ஒரு கல்லறை! அதை நீக்க நிரலில் திருத்தம் எழுதி அனுப்பினார். வாக்கெடுப்பு நடத்தி, அழகாயிருக்கிறது, இருக்கட்டும் என்று நிராகரித்துவிட்டார்கள், மகானுபாவர்கள்.

"உயிரோட இருக்கிறவனுக்குக் கட்டிட்டானுங்க, பாத்தியா?" என்று அக்காவிடம் குதித்தார்.

அக்கா துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "இந்த வீட்டுல நீங்க போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாச்சு. அவங்களாவது கல்லறை கட்டினாங்களே."