ஜெராக்ஸ் கடை வரைக்கும் அப்பா

ஹைதராபாத் பெரிய ஊர்தான். ஆனால் செகந்திராபாத் பக்கம் எங்கள் பள்ளியைச் சுற்றியுள்ள நாலைந்து தெருக்கள் ஒரு சின்ன ஊர். பால் பூத்காரரின் பெண் என் வகுப்பில் படிக்கிறாள். காய்கறி வாங்கப் போனால் அரையாண்டு மார்க்கைப் பற்றிப் பேசாமல் கத்தரிக்காய் கிடைக்காது. பதினெட்டு வருடங்களாக இங்கே கணக்கு சொல்லிக் கொடுக்கிறேன். என் மகள் இதே பள்ளியில் ஏழாம் வகுப்பு.

அவள் மூன்றாம் வகுப்பில் முதலாவதாக வந்தபோது, காய்கறிக் கடையில் ஒரு மாணவனின் அம்மா எல்லோருக்கும் கேட்கும்படி, "அப்பா கொஸ்டின் பேப்பர் போடுறார், பொண்ணு ஃபர்ஸ்ட் வராம யார் வருவாங்க?" என்று சிரித்தார். அந்த வகுப்புக்குக் கேள்வித்தாள் தயாரித்தது நானில்லை. ஆனால் அன்று மாலையே வீட்டில் ஒரு சட்டம் போட்டேன். பள்ளிக்குள் நான் அப்பா இல்லை, சார். எதுவானாலும் முதலில் அவளுடைய வகுப்பு ஆசிரியையைத்தான் கேட்க வேண்டும். என்னிடம் நேராக வரக்கூடாது.

குழந்தைகள் சட்டத்தை நம்மைவிட நன்றாகக் கடைப்பிடிப்பார்கள். காலையில் ஸ்கூட்டரில் என் பின்னால் உட்கார்ந்து வீட்டுத் தமிழில் ஓயாமல் பேசிக்கொண்டு வருவாள். கேட்டுக்கு ஐம்பது அடி முன்னால் ஒரு ஜெராக்ஸ் கடை. அங்கே இறங்கி, தனியாக நடந்து வருவாள். அதற்கப்புறம் எதிரே பார்த்தால் "குட் மார்னிங் சார்". தமிழ் சாயங்காலம் அந்தக் கடை வாசலில்தான் திரும்பி வரும். எனக்கு அதில் பெருமைகூட இருந்தது.

போன மழைக்காலத்தில் ஒருநாள், மூன்றாவது பீரியட். ஒன்பதாம் வகுப்பில் போர்டில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். "மே ஐ கம் இன், சார்?" என்று குரல். வாசலில் மகள். ஒரு கையால் கதவைப் பிடித்திருந்தாள்.

"சார், ஸ்டமக் பெய்ன்."

பின் பெஞ்சிலிருந்து யாரோ, "சார், வீட்டுல இருந்து ஆள் வந்திருக்கு" என்றான். வகுப்பே சிரித்தது. எனக்குக் காய்கறிக் கடை ஞாபகம் வந்தது.

"க்ளாஸ் டீச்சரைக் கேளு. போ" என்றேன், ஆங்கிலத்தில்.

"ஓகே, சார்" என்று போய்விட்டாள். நான் வட்டத்தை முடித்தேன்.

அவளை என்னிடம் அனுப்பியதே வகுப்பு ஆசிரியைதான். அப்பாதானே, பார்த்து வீட்டுக்கு அழைத்துப் போவார் என்று நினைத்திருக்கிறார். இவள் திரும்பிப் போய், சார் போகச் சொல்லிவிட்டார் என்று சொன்னதும், சாதாரண வலிதான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டார். பிறகு என்னிடம் அழுதுகொண்டே, "அவங்க அப்பாவே போன்னு சொல்லிட்டாரேன்னு நெனச்சேன், சார்" என்றார். அவரை நான் என்ன சொல்ல முடியும்?

சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு ஆயம்மா என் வகுப்புக்குள் ஓடிவந்தார். அனுமதி கேட்டு நுழைகிற பழக்கமெல்லாம் அன்றைக்கு இல்லை. "சார், சாக்பீஸைக் கீழ போடுங்க. பாப்பா பாத்ரூம்ல விழுந்து கிடக்கு."

ஆயம்மாவும் நானுமாக அவளைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினோம். உடம்பு கொதித்தது. மருத்துவமனையில் டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துக்கொண்டே அவளிடம் தெலுங்கில் கேட்டார்.

"எப்போ ஆரம்பிச்சுது?"

"காலைல. தேர்ட் பீரியட்ல ரொம்ப."

"யார்கிட்டயும் சொல்லலையாம்மா?"

"சொன்னேன். மேத்ஸ் சார்கிட்ட."

"அவர் என்ன சொன்னார்?"

"க்ளாஸுக்குப் போகச் சொன்னார்."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நாளைக்குப் போய் அந்த சாரை நல்லாக் கேளுங்க. என்ன மனுஷன் அவர்?"

"கேட்கிறேன்" என்றேன்.

மகள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் காப்பாற்றினாளா, அல்லது நான் போட்ட சட்டப்படி சரியாகப் பதில் சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவும் தைரியம் வரவில்லை.

அப்பெண்டிக்ஸ் வெடித்திருந்தது. சில மணி நேரம் முன்னால் வந்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது என்றார்கள். கொண்டாப்பூர் ஆபீசிலிருந்து மழையில் வந்து சேர்ந்த என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"வேற யார் பொண்ணாவது வந்து நின்னிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"சிக் ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேன்."

எல்லாப் பிள்ளைகளையும் போல நடத்துவதற்காகப் போட்ட சட்டத்தில், எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைப்பது என் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை.

ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியதும் தெருவே வந்தது. ஒருவர் இளநீர், ஒருவர் ரசம். காய்கறிக் கடையில் சிரித்த அந்த அம்மா, காரமில்லாமல் குழைத்த பருப்புச் சாதம் கொண்டுவந்து கட்டிலருகே உட்கார்ந்து ஊட்டிவிட்டார். "கணக்குல ஃபர்ஸ்ட் வர்ற பொண்ணு, சீக்கிரம் எழுந்திரு" என்றார். அன்று சொன்னது அவருக்கு நினைவே இல்லை. நான்தான் நான்கு வருடம் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறேன்.

மூன்று வாரம் கழித்து அவள் பள்ளிக்குக் கிளம்பினாள். நான் ஜெராக்ஸ் கடையில் நிறுத்தவில்லை.

"அப்பா, கடை போயிடுச்சு."

"இனிமே கேட் வரைக்கும் போகலாம். ஸ்கூல்லயும் அப்பான்னே கூப்பிடு."

"நக்கோ, வேணவே வேணாம்! எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க" என்றாள். ஸ்கூட்டரைத் திருப்பிக் கடை வாசலிலேயே விட வைத்தாள். பையைக் குறுக்காக மாட்டிக்கொண்டு, தையல் போட்ட பக்கத்தைக் கொஞ்சம் பிடித்தபடி நடந்து போனாள்.

அன்றிலிருந்து கதவைத் திறந்து வைத்துத்தான் பாடம் நடத்துகிறேன். போர்டில் எழுதும்போதும் கண் வாசலுக்குப் போகிறது. இன்னொரு தடவை வலித்தால் இவள் இந்த வாசலுக்கு வருவாளா என்பதுதான் என் கவலை. வர மாட்டாள் என்றே ஒவ்வொரு நாளும் தோன்றியது.

சென்ற வாரம், அதே ஒன்பதாம் வகுப்பு. "மே ஐ கம் இன், சார்?"

காம்பஸ் என் கையிலிருந்து விழுந்தது. வாசலுக்கு ஓடினேன். "என்னம்மா, வயிறா? எந்தப் பக்கம்? காய்ச்சல் இருக்கா?" தமிழில், வகுப்பு முழுக்கக் கேட்கும்படி. அவள் நெற்றியில் கை வைத்தேன். சாக்பீஸ் தூள் ஒட்டியது.

பின் பெஞ்சு சிரித்தது.

"டஸ்டர், சார்" என்றாள். "எங்க க்ளாஸ்ல இல்லை. மிஸ் வாங்கிட்டு வரச் சொன்னாங்க."

என் வகுப்பில் இருந்த ஒரே டஸ்டரை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு திரும்பியவள் நின்று, எனக்கு மட்டும் கேட்கிற குரலில், "ஓவரா பண்ணாதப்பா" என்றாள்.

அந்த பீரியட் முழுவதும் போர்டைக் கையாலேயே துடைத்தேன்.