டிரைவர் ஒட்டிய ரப்பர்

சுனாமிக்குப் பிறகு மீனவர் கிராமங்களுக்குப் போய்வந்த எங்கள் கண் பரிசோதனை வண்டியில், மேசை டிராயர் போல வெளியே இழுத்துக்கொள்ளும் அறை ஒன்று இருந்தது. மழைநீர் உள்ளே புகாமல் அதன் இடுக்கைச் சுற்றி ரப்பர் பட்டை. கடலூரில் அதற்குப் பராமரிப்பு அதிகாரி நான். எதற்கு எந்தப் படிவம் என்று தூக்கத்திலும் சொல்வேன்; அதைத்தான் அறிவு என்று நம்பியிருந்தேன்.

ஐப்பசியில் ரப்பர் வெடித்தது. டிரைவர் லாரி டியூபை வெட்டி மேலே ஒட்டியிருந்தார்.

"யாரக் கேட்டு ஒட்டுன? வெடிச்ச ரப்பர போட்டோ எடுத்து அனுப்புனாத்தான் புதுசு தருவாங்க. பிரிச்சுடு."

"பிரிச்சா ஒழுவும் சார். உங்க பேப்பர் போயி வர்றதுக்குள்ள மழயே நின்னுடும்."

பிரிக்க வைத்தேன். போட்டோ நன்றாக வந்தது.

மறுநாள் சிதம்பரம் பக்கத்தில் முகாம். கொட்டிய மழை நேராகப் பரிசோதனைக் கருவிக்குள் இறங்கியது. மேலிடம் விளக்கம் கேட்டது. 'ஓட்டுநரின் அலட்சியம்' என்று எழுதினேன். நான்தான் பிரிக்கச் சொன்னேன் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். ஓய்வு பெற எனக்கு நான்கு மாதம்தான் இருந்தது.

வேலைநீக்க உத்தரவை வாங்க வந்தவர் கேட்டார்: "நான் ஒட்டுனது உங்களுக்குத் தெரியுமில்ல சார்?"

"தெரியும்பா. ஃபைல்ல இல்லியே."

அவர் சண்டை போடவில்லை. "எங்க சார் கையெழுத்து?" என்றார்.

சரியான இடத்தை விரலால் தொட்டுக் காட்டினேன்.