பொழுது படாத துறைமுகத்தில் ஒரு பிரதோஷம்

ஜெர்மனிக்கு வந்த காலந்தொட்டு நான் ஆசைப்பட்டுக் கேட்ட ஒரே பயணம் அது. ஹம்பேர்க்கில் கப்பலேறி, நோர்வேக் கரையோரமாக வடக்கே போய், ஸ்பிட்ஸ்பேர்கன் தீவுத் துறைமுகத்தில் இறங்கி இவருடன் ஒரு நடை நடக்கவேண்டும். கோடையில் அங்கே பொழுதே படாது. பிள்ளைகள் இருவரும் சேர்ந்து எங்களை அனுப்பிவைத்தார்கள். மிளகாய்த்தூள் கட்டினோம், கம்பளிக் காலுறை கட்டினோம், இவருடைய சீனி வருத்த மருந்துக் குளிசைகளையும் மறக்காமல் எடுத்தோம். பிரதோஷத்தை மட்டும் இரண்டு பேருமே மறந்துபோனோம்.

இவர் விடாப்பிடியான விரதக்காரர். பிரதோஷத்தன்று பகல் முழுக்கத் தண்ணீர் மட்டும்தான். பொழுது பட்டுக் கும்பிட்டு முடித்தால்தான் சோறு. கப்பல் துறைமுகத்தில் கட்டிய அன்றைக்கே அது வந்து தொலைத்தது. மத்தியானம் மூன்று மணி தாண்டிவிட்டது, எல்லோரும் குளிர்க் கோட்டுகளை மாட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். மாலையில் கப்பல் வெளிக்கிட்டுவிடும். இவரோ வெறும் வயிற்றில் கட்டிலில் சாய்ந்தபடி யன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வெளியே மலைக்கு மேலே வெயில் எறிக்கிறது. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

“இஞ்சேருங்கோ, இது படாத சூரியன். எதைப் பாத்துக்கொண்டு கிடக்கிறியள்?”

“அதுக்கு? விரதத்தை முறிக்கச் சொல்லுறீரோ?”

“முறிக்க வேண்டாம். யாழ்ப்பாணத்தில இப்ப பொழுது பட்டு விளக்கும் வைச்சிருப்பினம். அந்தக் கணக்குக்குச் சாப்பிடுங்கோ. சாப்பிட்டுட்டு இறங்குவம்.”

என் கெட்டித்தனத்தில் எனக்கே பெருமையாக இருந்தது. ஊர்க் கணக்கென்றால் இவர் மறுக்கமாட்டார் என்று நம்பினேன். இவர் தலையை ஆட்டினார்.

“அங்கத்தையக் கணக்கு எங்களுக்கு எப்பிடிச் சரிவரும்? எங்கட வீடு ஸ்டுட்கார்ட்டில. அங்க பொழுது பட இன்னும் கனநேரம் கிடக்கு.”

எங்கட வீடு ஸ்டுட்கார்ட்டில்! எவ்வளவு இலேசாகச் சொல்லிவிட்டார்.

எங்கள் வீட்டில் ஒரு மடிக்கிற மேசை இருக்கிறது. வந்த புதிதில் வாங்கியது. ஆடாமலிருக்க ஒரு காலுக்குக் கீழே கடதாசி மட்டை மடித்து வைக்கவேண்டும். பிள்ளைகள் அதில்தான் சாப்பிட்டார்கள், அதில்தான் படித்தார்கள். நல்ல மேசை ஒன்றின் முன்னால் நான் கடையில் நின்ற ஒவ்வொரு முறையும் இவர் சொல்வது ஒன்றுதான்: “ஊருக்குப் போகேக்க உந்த மேசையை என்ன செய்யிறது? எங்கட வீடு அங்கயெல்லோ கிடக்கு.” நானும் மடைச்சி போலத் தலையாட்டிக்கொண்டு வந்துவிடுவேன். பிள்ளைகள் வளர்ந்து வேறு நகரங்களுக்குப் போயும் விட்டார்கள்.

“அப்ப இவ்வளவு காலமும் ஏன் எங்களை அந்த மடிக்கிற மேசையில இருத்தி வைச்சனீங்கள்?” என்று கத்தினேன். பக்கத்து அறைக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்! இவர் கண்ணை மூடிக்கொண்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தார். பசிக் களைப்பென்று நான் நம்பத் தயாராயில்லை.

தனியே இறங்கி நடந்தேன். அந்தத் தீவில் நிழலுக்குக்கூட ஒரு மரம் கிடையாது. அங்கே இருக்கிறவர்களும் வேலைக்கு வந்து, சில வருடம் இருந்துவிட்டுப் போய்விடுகிறவர்கள்தானாம். தெருவோர வீடொன்றில் திரை விலகியிருந்தது. உள்ளே தடித்த பலகையில் ஒரு சாப்பாட்டு மேசை, சுற்றிவரக் கதிரைகள். மரமில்லாத ஊருக்குக் கப்பலில் ஏற்றித்தான் அதைக் கொண்டுவந்திருக்கவேண்டும். போகப்போகிறவர்களுக்கே மேசை இருக்கிறது. அந்தக் குளிரில் நின்று அழுதேன். துக்கத்தில் அல்ல, கோபத்தில்.

ஸ்டுட்கார்ட் திரும்பிய கிழமையே சுற்றிவரக் கதிரைகளோடு ஒரு மேசை வாங்கினேன். இவரைக் கேட்கவில்லை. நாலு பேர் மூச்சு வாங்கத் தூக்கிவந்து வைத்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த பிரதோஷத்துக்குப் பொழுது பட்டதும் இவர் வந்து அதில் இருந்தார். பலகையைக் கையால் தடவிப் பார்த்தார்.

“நல்ல மேசை,” என்றார்.

“ஓம், இப்ப நல்ல மேசை,” என்று சொல்லிச் சோற்றைப் போட்டேன். எங்கள் இருவருக்கும் எதிரே பிள்ளைகள் இருந்திருக்கவேண்டிய கதிரைகள் இரண்டும் வெறுமையாகக் கிடந்தன.