ஜாடியில் பதின்மூன்று

சுருள்வில்லில் தொங்கிய பித்தளை உருளை, கண்ணாடி ஜாடித் தண்ணீருக்குள் மேலும் கீழும் ஆடியது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அங்கே படித்துக்கொண்டிருந்த நான் ஆட்டங்களை எண்ண, எங்கள் வேலூர்க் கல்லூரியின் செயல்முறை ஆசிரியை அளவுகோலைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். ஆட்டத்தின் வீச்சு பாதியாகக் குறைய இருபது ஆட்டம் ஆகும் என்றது புத்தகச் சூத்திரம். எங்களுக்குப் பதின்மூன்றிலேயே குறைந்தது. ஏழு முறை எண்ணினோம். ஏழு முறையும் அதேதான்.

எங்கள் இயற்பியல் பேராசிரியர் சிரித்தார். "இத்தன வருஷமா இதே ஜாடியில இருபதுதாம்மா வந்துது. நீங்க எண்ணினா மட்டும் கம்மியாயிடுமா? இருபதுன்னு எழுதுங்க." ஆசிரியையின் வேலை நிரந்தரமாக அவருடைய பரிந்துரை வேண்டும். அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

புத்தகக் கணக்கு பரந்த நீருக்கானது, நம் ஜாடியின் சுவரோ உருளையை நெருங்கி நின்று ஆட்டத்தை அடக்குகிறது என்றார் ஆசிரியை. அதைக் காட்ட அகலமான தொட்டி வேண்டும். மேல்விஷாரத்தில் ஒரு மாணவியின் தகப்பனார் தம் தோல் பதனிடும் மண்டியில் ஒரு தொட்டியைக் கழுவி நிரப்பித் தந்தார். ஜட்காவில் போய் இறங்கினால், தண்ணீர் முழுக்கத் தோல் பதப்படுத்தப் போடும் ஆவாரம்பட்டை மிதந்தது.

"தொட்டிய வெறுந்தண்ணியா வுடக் கூடாதும்மா, ராசியில்ல. அதான் ஒரு கூட பட்ட போட்டேன்" என்றார் மண்டி மேஸ்திரி.

"நாங்க தோல் ஊறப்போட வரல மேஸ்திரி. எறச்சுட்டு நல்ல தண்ணி ரொப்புங்க" என்றார் ஆசிரியை.

"பித்தளைய ஊறப்போட வந்த ஆளுங்கள இப்பத்தான் பாக்குறேன்!" என்று சிரித்தபடி ஏற்றத்தை நோக்கி நடந்தார்.

மறுநாள் எண்ணினோம். இருபது.

பேராசிரியர் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா? இத வெச்சிக்குங்க. நோட்டுல ஜாடிக் கணக்கு இருக்கிற பக்கத்தக் கிழிச்சிடுங்க." அந்தப் பக்கம் இருந்தால், அவரிடம் படித்தவர்கள் அத்தனை வருடமாக ஜாடியில் எண்ணாமலே இருபது எழுதியது வெளிப்பட்டுவிடும்.

"அதையும் நாங்கதான் எண்ணினோம் சார். ரெண்டும் இருக்கும்" என்றார் ஆசிரியை. இரண்டு பக்கத்திலும் கையெழுத்திட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினார். நானும் இட்டேன்.

பரிந்துரை வரவில்லை. கோடை விடுமுறையோடு அவர் வேலை முடிந்தது. போகும்போது அவர் அழவில்லை. பேராசிரியர் சொல்லை மீறியதற்கு மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள், எழுதவில்லை.

இன்று அந்த ஆய்வுக்கூடம் என் பொறுப்பில் இருக்கிறது. ஜாடியில் எண்ணி இருபது என்று எழுதி வரும் மாணவியின் நோட்டைத் திருப்பிக் கொடுத்து, என் எதிரிலேயே மறுபடி எண்ணச் சொல்கிறேன்.