பெயர் பிழை என்று அடித்தவள்

அப்போது நானும் அம்மாவும் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒற்றை அறை ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். கொட்டாஞ்சேனையில் ஒரு நண்பனைப் பார்த்துவிட்டு வருவதாகப் போன தம்பி வந்து சேரவில்லை. முதல் இரண்டு மாதம் அலைந்தோம், அழுதோம். பிறகு அவனைப் பற்றி வீட்டில் கதைப்பதே நின்றுபோயிற்று. காலையில், சோதனைச் சாவடியில் காட்டவேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போவேன். வருவேன், சாப்பிடுவேன், படுப்பேன். மரத்துப் போயிருந்தேன், அவ்வளவுதான்.

சி மொழியில் நிரல் எழுதுவது என் வேலை. காணாமற்போனோர் விவரம் திரட்டும் ஓர் அமைப்புக்கு, தபாலில் வரும் படிவங்களைக் கணினியில் அடித்து ஏற்றும்போது சரிபார்க்க ஒரு நிரல் வேண்டுமென்றார்கள். அதையும் மற்ற வேலைகளைப் போலவே செய்தேன். மூன்று மொழி எழுத்துகளும் கொள்ளும்படி அமைத்தேன். பெயர் பெரிய எழுத்தில், அதாவது ஆங்கிலத்தின் ‘கப்பிட்டல்’ எழுத்தில், தொடங்குகிறதா என்று iswupper என்ற கட்டளை பார்க்கும். இல்லையென்றால் படிவம் திரும்பிப் போகும். சோதிக்க என் பெயரை அடித்தேன், ஆங்கிலத்தில். அலுவலகத்தில் வேறெந்த எழுத்தில் அடித்தோம்? நன்றாகவே ஓடியது. கூடப் போகும் துண்டுக்குத் தமிழ் வாசகமும் நான்தான் எழுதினேன்: ‘பெயர் பிழையாக உள்ளது. சரியாக எழுதி மீண்டும் அனுப்பவும்.’

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா சேலைகளுக்கு அடியிலிருந்து மூன்று துண்டுகளை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார்.

“உனக்குச் சொல்லாமல் தம்பிக்கு ஒரு ஃபோர்ம் நிரப்பி அனுப்பினனான் பிள்ளை. மூண்டு தரமும் திரும்பி வந்திட்டுது. பேர் பிழையாம். கடைசித் தரம் அவன்ரை பிறப்புச் சான்றிதழை வைச்சுப் பாத்துத்தான் எழுதினனான். பெத்த பிள்ளையின்ரை பேர் எனக்கு எழுதத் தெரியேல்லை.”

மூன்றிலும் என் வாசகம். தமிழில் பெரிய எழுத்து ஏது, சின்ன எழுத்து ஏது? சிங்களத்திலும் கிடையாது. எந்தத் தமிழ் எழுத்தைக் கொடுத்தாலும் அந்தச் சோதனை இல்லை என்றுதான் சொல்லும். தன் மொழியில் எழுதிய ஒவ்வொரு தாய்க்கும் நான் இந்தத் துண்டை அனுப்பியிருக்கிறேன். பிறந்ததிலிருந்து தமிழ் எழுதுகிற எனக்கு இது தோன்றவில்லை. என் மேல் அருவருப்பாக இருந்தது. அழுகை மட்டும் வரவில்லை.

திங்களன்று ஒரு வரியை மாற்றினேன்: சின்ன எழுத்தில் தொடங்கினால் மட்டும் திருப்பு. தம்பியின் பெயரைத் தமிழில் அடித்துப் பார்த்தேன். ஏற்றுக்கொண்டது. திரும்பிப் போன மற்றப் படிவங்களையும் மீண்டும் கேட்டு வாங்கச் சொல்லி அமைப்புக்கு எழுதினேன்.

அம்மாவிடம் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

“அவையின்ரை கொம்பியூட்டரிலைதான் பிழையாம் அம்மா. நீங்கள் எழுதினது சரிதான். திரும்ப அனுப்புங்கோ.”

“ஓம்,” என்றார். புதிய படிவத்தை எடுத்து முகவரி, வயது, கடைசியாக உடுத்திருந்த உடுப்பின் நிறம் எல்லாம் தன் கையால் நிரப்பினார். பெயருக்கான இடத்தை வெறுமையாக விட்டுப் பேனையை என்னிடம் நீட்டினார்.

“இதை மட்டும் நீ எழுது பிள்ளை. நான் எழுதினால் பிழையாப் போயிடும்.”

அவனுக்கு அந்தப் பெயரை வைத்தவரே அம்மாதான். நான் பேனையை வாங்கி எழுதினேன்.